கரை மட்டும் போதுமா?

காஞ்சிபுரத்தைப் பற்றிய பெரிய சங்கீத நாடகம் ஒன்றுக்குக் கதை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் என் தமக்கை மகனுக்கு என்மேல் மனத்தாங்கல். "மாமாவுக்கு வயசாயிடுச்சு" என்று பந்துக்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறான். வயதானது வாஸ்தவந்தான். ஆனால் மறுத்ததற்குக் காரணம் அது அல்ல. காரணத்தைச் சபையில் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேச்சு நடந்த இடம் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. மருமான் லண்டனில் இருபத்தைந்து வருஷமாக உத்தியோகம் பார்க்கிறவன். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தான். பெண்கள் புடவை பார்க்க உட்கார்ந்துவிட்டால் ஆண்களுக்கு இரண்டே வேலைதான்: முதலில் காபி சாப்பிட வேண்டும், கடைசியில் பணம் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் கிடந்தது. அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவன் தன் யோசனையை அவிழ்த்தான்.

"மாமா, நம்ம காஞ்சிபுரத்தை வச்சு ஒரு மியூசிகல் போடப்போறோம். மெட்ராஸ்ல ஆரம்பம். அப்புறம் சிங்கப்பூர், லண்டன். மேடையிலே நிஜக் கோபுரம் மாதிரி ஒண்ணு எழும்பும். தறி பூமிக்குள்ளேருந்து மேலே வரும். மேலேருந்து ஆயிரம் கெஜம் பட்டு அருவியாட்டம் கொட்டும். பிரபலமான சினிமாப் பாட்டு எட்டு சேர்த்தாச்சு. பணம் போட ஆள் இருக்கு. விளம்பரம் அடுத்த மாசமே ஆரம்பிக்கிறோம்."

"கதை?"

"அதுதான் பாக்கி. நீங்க ஒரு வாரத்திலே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

"கதையில் யார் யார் வருகிறார்கள்?"

"உங்க இஷ்டம், மாமா. நெசவாளர் வீட்டுப் பையன், பணக்கார வீட்டுப் பொண்ணு, ஏதோ ஒண்ணு. 'பாம்பே ட்ரீம்ஸ்' மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் பெயரை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் இணங்கியிருப்பேன்.

'பாம்பே ட்ரீம்ஸ்' மறந்துபோனவர்களுக்கு நாலு வார்த்தை. 2002-ஆம் வருஷம் ஜூன் 19-ஆம் தேதி லண்டனில் அப்பல்லோ விக்டோரியா என்ற கொட்டகையில் அந்த நாடகம் அரங்கேறியது. அதற்கு முன் அதே கொட்டகையில் ஏறக்குறைய 18 வருஷம் நடந்தது 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்'. நடிகர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ரயில் வண்டிகளாக ஓடுவார்கள்! அந்த ரயில்களுக்கு இசை அமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பர்தான் இதைத் தயாரித்தவர். இந்தத் தடவை இசை அவருடையது அல்ல, நம்முடைய ஏ. ஆர். ரஹ்மானுடையது. பாட்டின் வார்த்தைகள் டான் பிளாக். கதை வசனம் மீரா சியால்.

'ரோஜா' வெளிவந்தது 1992-இல். பத்தே வருஷத்தில் கோடம்பாக்கத்துச் சங்கீதம் லண்டன் மேடையில் ஏறுகிறதென்றால் யாருக்குத்தான் பூரிப்பு இராது? எனக்கும் இருந்தது. திரை உயருமுன்பே பத்திரிகைகள் திருவிழாக் கொண்டாடிவிட்டன. லாயிட் வெப்பர் என்ன சொன்னார், எத்தனை ஆட்டக்காரர்கள், மேடையில் எத்தனை தண்ணீர் என்றெல்லாம் படித்தோம். கதை என்ன என்று கேட்டவர்களைத்தான் காணோம். நானும் கேட்கவில்லை.

2003-இல் நான் லண்டன் போயிருந்தபோது இதே மருமான்தான் டிக்கட் வாங்கி அழைத்துப் போனான். பம்பாய்ச் சேரிப் பையன் ஆகாஷ். சினிமா நட்சத்திரமாக ஆசைப்படுகிறான். டைரக்டரின் மகள் பிரியாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். நட்சத்திரமும் ஆகிறான். ஆனதும் சேரியை மறந்துவிடுகிறான். சேரியை இடிக்கத் திட்டம் போடும் வக்கீல் ஒருவன். ஆகாஷின் சிநேகிதி, ஸ்வீட்டி என்ற திருநங்கை, உயிரை விடுகிறாள். கடைசியில் பையனுக்குப் புத்தி வருகிறது. இதை நாம் மாட்டினிக் காட்சியில் எத்தனை முறை பார்த்திருப்போம்! வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து ஒரு முறை பார்த்தார்கள்.

'சைய்ய சைய்யா' வந்தது. 1998-இல் 'உயிரே' படத்தில் 'தையா தையா' என்று நாம் கேட்ட அதே பாட்டு. என் கால் தானாகத் தாளம் போட்டதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு 'ஷகலக பேபி' வந்தது. 1999-இல் வந்த 'முதல்வன்' பாட்டு. மேடையிலிருந்து நீரூற்றுகள் பீறிட்டன. பெண்கள் புடவையோடு நனைந்து ஆடினார்கள். கொட்டகை இடிந்துவிடும்போல் கரகோஷம். என் பக்கத்தில் இருந்த ஆங்கிலேய மாது என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் இப்படித்தானா என்று கேட்பதுபோல் புன்னகை செய்தாள். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று சொல்ல நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது எனக்கு ஒரு வெறுமை. பாட்டு நன்றாயிருந்தது, ஆட்டம் நன்றாயிருந்தது, உடுப்பு ஜொலித்தது. அப்படியானால் குறை என்ன?

அந்தக் குறைக்குப் பெயர் கிடைக்க எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கிடைத்த இடம் அந்தக் காந்தி ரோட்டுக் கடை.

கடையில் ஒரு பெரியவர் இருந்தார். ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கண் மங்கிய பிறகு கடைக்கு வந்து புடவைகளின் குணத்தைச் சொல்லும் வேலை பார்க்கிறார். மாம்பழ வர்ண உடலும் அரக்குக் கரையுமாக ஒரு புடவையை என் மருமானின் மகள் எடுத்தாள். பெரியவர் அதைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவினார்.

"அம்மா, இதுதான் கோர்வை. கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. ஒரே ஆள் எட்டி எட்டிப் போட முடியாது. பக்கத்திலே ஒருத்தர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் குடுக்கணும். ஒவ்வொரு இழைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கணும். உடல் கிழிஞ்சாலும் கரை தனியா வராது." பிறகு, பக்கத்தில் மினுமினுத்த இன்னொரு புடவையைக் காட்டினார். "இதுவும் ஜரிகைதான். பார்வைக்கு இன்னும் எடுப்பு. ஆனா இதிலே கோர்வை இல்லை."

நான் மருமானைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கைபேசியில் யாருக்கோ கோபுரத்தின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சங்கீத நாடகத்துக்கும் இதுதான் பரீட்சை. கதை உடல், பாட்டு கரை. பாட்டை உருவி எடுத்தால் கதை நின்றுபோக வேண்டும். கதையை எடுத்துவிட்டால் பாட்டுக்கு அர்த்தம் பாதி போய்விட வேண்டும். 'பாம்பே ட்ரீம்ஸி'ல் அந்த இரண்டு பெரிய பாட்டுகளையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆகாஷ் நட்சத்திரமாவான், சேரியை மறப்பான், திரும்பி வருவான். ஒரு இழையும் அறுந்துபோகாது. ஏன் அறுபட வேண்டும்? அவை வேறு கதைகளுக்காகப் பிறந்த பாட்டுகள். ஒன்று ஓடும் ரயிலின் கூரைமேல் ஆடுவதற்காகப் பிறந்தது. அவற்றைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுத்தையல் போட்டிருக்கிறார்கள். ஜரிகை அசல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"அது சினிமாவைப் பற்றிய நாடகம், மாமா. சினிமாப் பாட்டு வரத்தானே செய்யும்? மசாலாக் கதையை வேணும்னே கேலி பண்றாங்க" என்பது மருமானின் வாதம். கேலி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஸ்வீட்டி சாகும்போது என்னை ஏன் அழச் சொல்கிறார்கள்? ஒரு கண்ணால் சிமிட்டிக்கொண்டே மறு கண்ணால் அழுவதற்கு எனக்குப் பயிற்சி இல்லை. ஒன்று சிரிக்க வையுங்கள், அல்லது உருக வையுங்கள். இரண்டையும் செய்ய வல்லவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் தங்கள் கதையில் நம்பிக்கை இருக்கும்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீடு திரும்புவதைப் பற்றி ஆகாஷ் பாடும் 'தி ஜர்னி ஹோம்' என்ற பாட்டு அந்த நாடகத்திலேயே கோர்வை விழுந்த இடம். அப்போது நீரூற்று இல்லை, கூட்டம் இல்லை. ஒரு மனிதன் தான் தொலைத்ததைத் தேடுகிறான். பாட்டுதான் அவனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறது. ரஹ்மானால் முடியாது என்று யார் சொன்னது? அவரிடம் அதைக் கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி. அவருடைய பெயரைக் கேட்டார்கள், புகழ்பெற்ற மெட்டுகளைக் கேட்டார்கள். ஒரு முழுக் கதையை அவர் கையில் கொடுத்து, இதை நெய்து கொடு என்று கேட்டார்களா?

முடிவு தெரிந்ததே. லண்டனில் இரண்டு வருஷம் ஓடி 2004 ஜூன் 13-ஆம் தேதி நின்றது. இரண்டு வருஷம் அற்பமில்லை. அதற்குள் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் பிராட்வேயில் 2004 ஏப்ரல் 29-ஆம் தேதி ஆரம்பம். போகும் வழியில் கதை தேறவில்லை என்று அவர்களுக்கே பட்டிருக்கிறது. தாமஸ் மீஹன் என்ற கைதேர்ந்த நாடகாசிரியரை வைத்துச் சீர்திருத்தினார்கள். 284 காட்சிகளோடு 2005-ஆம் வருஷப் பிறப்பன்று திரை விழுந்தது. டோனி பரிசுக்கு மூன்று இனங்களில் அதன் பெயர் போயிற்று: நடன அமைப்பு, உடுப்பு, வாத்திய அமைப்பு. கதைக்குப் போகவில்லை, பாட்டுக்கும் போகவில்லை! கரையைப் பாராட்டிவிட்டு உடலைப் பற்றி வாய் திறக்காமல் புடவையை மடித்து வைத்துவிட்டார்கள்.

இதனால் நான் மேல்நாட்டு நாடகத்தின்மேல் விழுந்து பிடுங்குவதாக எண்ண வேண்டாம். கோர்வை போடத் தெரிந்தவர்கள் அங்கே தாராளமாக இருக்கிறார்கள். 1956-இல் வந்த 'மை ஃபேர் லேடி'யில், உச்சரிப்பு வராமல் தவிக்கும் பூக்காரப் பெண்ணுக்கு ஒரு நள்ளிரவில் வார்த்தை சரியாக வந்துவிடுகிறது. வந்த அந்த நிமிஷமே பாட்டாகிறது. அதை எடுத்துவிட்டால் நாடகமே இல்லை. 1964-இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்'. ஓர் ஏழைப் பால்காரன், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள்: இவ்வளவுதான் முதல். பிராட்வேயில் மூவாயிரம் காட்சிகளுக்கு மேல் நடந்தது. நம் காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் அந்தப் பால்காரன் இல்லை?

நாமும் இந்த வியாதிக்குப் புதியவர்கள் அல்ல. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க கே. பி. சுந்தராம்பாளுக்கு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். நாடெங்கும் நந்தனாரைவிட லட்ச ரூபாயைப் பற்றித்தான் பேச்சு. படம் வந்ததும், அதில் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கல்கி எழுதினார். அம்மாளின் சாரீரத்தில் குறையில்லை. பிற்பாடு ஔவையாராக வந்து அதை நிரூபித்தார். குறை, விலையைக் கொண்டு எதிர்பார்ப்பைக் கட்டியவர்களுடையது. அதே அம்மாள் நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு 'வள்ளி திருமணம்' நடித்தபோது இந்தச் சங்கடம் இல்லை. அங்கே வேலனும் வள்ளியும் பாட்டிலேயே வாதாடுவார்கள். பாட்டு நின்றால் வாதம் நின்றுவிடும். வாதம் நின்றால் கல்யாணம் நின்றுவிடும்.

காஞ்சிபுரத்துக்கோ இது இன்னும் பழைய பாடம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இந்த ஊர்த் தெருக்களையே களமாக வைத்து 'மத்தவிலாசப் பிரகசனம்' எழுதினான். ராஜா நினைத்திருந்தால் மேடையில் யானைப் படையையே நிறுத்தியிருக்கலாம். குடிவெறியில் இருக்கும் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டான். அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். இந்த ஒரு மண்டையோட்டை வைத்து முழு நாடகத்தையும் நடத்திவிட்டான். கேரளத்துச் சாக்கியார்கள் அதை விடாமல் ஆடி வந்திருக்கிறார்கள்.

அன்றிரவு மருமானைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா. பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. அன்று 'பகடை துகில்'. பத்து மணிக்கு மத்தளம் கொட்டியது. ஆர்மோனியம், தாளம், ஒரு முகவீணை. இரண்டு பேர் பிடித்த ஒரு துணிதான் திரை. அதற்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டே வந்தான். தலையில் கிரீடமும் தோளில் கட்டைகளுமாகக் கண்ணாடிச் சில்லுகள் மின்ன. அவன் யார், எப்பேர்ப்பட்ட கர்வி என்பதை அந்த வருகைப் பாட்டே சொல்லிவிட்டது.

நள்ளிரவுக்குமேல் துகிலுரியும் கட்டம். திரௌபதி வேஷம் போட்டவர் ஓர் ஆண், நாற்பது வயதிருக்கும். துச்சாதனன், புடவையைத் தொடுவதற்குமுன், கோயில் பக்கம் திரும்பி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடினான். பிறகு முந்தியின் நுனியை மட்டும் தொட்டான். திரௌபதி சபையில் ஒவ்வொருவராகப் பார்த்துப் பாடினாள். பீஷ்மரைக் கேட்டாள், துரோணரைக் கேட்டாள், பிறகு எங்களையும் கேட்டாள். முன்வரிசையில் ஒரு கிழவி ஆவேசம் வந்து எழுந்துவிட்டாள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள்.

இரண்டு புடவைகளை நான் பார்த்துவிட்டேன். லண்டனில் ஒரு புடவையை நனைக்க மேடையில் குழாய் புதைத்தார்கள், கைதட்டல் கிடைத்தது. இங்கே ஒரு புடவையின் நுனியை ஒருவன் தொட்டான், ஊரே பதறிற்று. எதிர்பார்ப்பை நிறைவேற்றுவது என்றால் இதுதான். இந்த ஜனங்கள் கதை என்ன ஆகும் என்று தெரிந்தே வந்தவர்கள். அவர்கள் எதிர்பார்த்தது புதுமையை அல்ல. அந்தப் பெண்ணின் கேள்வி இந்த வருஷமும் தங்களைச் சுடுமா என்பதைத்தான்.

கூத்து என்றால் எல்லாம் உசத்தி என்று நான் சாதிக்கவில்லை. இடையிலே சினிமா மெட்டைச் செருகிக் கைதட்டு வாங்கும் கூத்தையும் பார்த்திருக்கிறேன். அதுவும் கோர்வை இல்லாத புடவைதான். விலை குறைவு, அவ்வளவே. கட்டியங்காரனின் தமாஷ் அன்றுகூட அரை மணி நேரம் அதிகம். "எடிட்டிங் வேணும், மாமா" என்றான் மருமான். வாஸ்தவம் என்றேன்.

விடிந்ததும் அவன் கேட்டான்: "இதுக்கு டிக்கட் எவ்வளவு?"

"டிக்கட் இல்லை."

"அப்போ இவங்களுக்கு வருமானம்?"

நல்ல கேள்வி. இந்தக் கலைஞர்களுக்காகக் காஞ்சிபுரத்தில் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் ஏற்பட்டது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால் என்ற பெரிய கூத்துக் கலைஞரின் முயற்சி. புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-இல் ஒரு குருகுலமும் தொடங்கினார்கள். படிப்பும் கூத்தும் சேர்ந்த பள்ளி. பெண் குழந்தைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். தொடங்கியது 'பாம்பே ட்ரீம்ஸ்' தொடங்கிய அதே வருஷம் என்பதைக் கவனியுங்கள். 2020-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. லண்டன் நாடகத்தின் நீரூற்றைப் பற்றிப் பத்தி பத்தியாகப் படித்த நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே தெரிந்தது வெகுநாள் கழித்துத்தான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

மருமானிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "உன் கோபுரத்தையும் அருவியையும் கொஞ்ச நாள் தள்ளி வை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை இந்த மாதிரி ஒரு குழுவுக்குக் கொடு. ஒரு வருஷம் உட்கார்ந்து ஒரு புது நாடகம் கட்டச் சொல். தறிக்காரன் வீட்டுக் கதையாகவே இருக்கட்டும். உடலைத் தறியில் ஏற்றிவிட்டுக் கரை நாடாவைக் கூப்பிடு. அப்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுக்கிறேன். கரையை முதலில் நெய்து வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் உடல் வேண்டும் என்று எந்த நெசவாளியிடமாவது கேட்டுப் பார். என்ன சொல்கிறார் என்று வந்து சொல்."

அவன் பதில் பேசவில்லை. ஊருக்குப் போய், கதை எழுத வேறொருவரைப் பிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஐந்தே நாளில் முடித்துக் கொடுத்தாராம்! விளம்பரம் ஆரம்பமாகிவிட்டது. மேடையில் இறங்கப்போகும் பட்டு ஆயிரம் கெஜம் அல்ல, இரண்டாயிரம் என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறது. டிக்கட் வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் வாங்குமுன் என் பொருட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கதை என்ன? பதில் சொல்லாமல் கோபுரத்தின் உயரத்தைச் சொன்னால், புடவையைத் திருப்பிப் போட்டுக் கோர்வையைத் தடவிப் பார்த்த அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருமானின் மகள் எடுத்தது எந்தப் புடவை என்று கேட்கிறீர்களா? கோர்வைப் புடவைதான். விலை அதிகம் என்று அவன் முணுமுணுத்தான். அவள் விடவில்லை.